மாணவர் ஆராய்ச்சியும் ஊர் ஏரியும்

சென்னை வடபழனியில் ஆற்காட்டுச் சாலையும் நூறடிச் சாலையும் கூடுமிடத்தில் இன்று வந்து நிற்கும் குடியானவர் ஒருவருக்கு, அவ்விடம் ஒரு காலத்தில் வயலும் தோப்பும் கொண்ட கிராமப் பிரதேசமாயிருந்தது என்று சொன்னால் நம்பிக்கை பிறப்பது அரிது. 1890ஆம் வருஷம் வாக்கில் அண்ணாசாமி நாயக்கர் என்னும் பக்தர் ஓலைக் கொட்டகையொன்றில் பழனியாண்டவரைப் பூசித்து வந்தபோது, அது புலியூரைச் சேர்ந்த ஒரு சிற்றூர்ப் புறமேயாகும். 1948இல் ஏவி.எம். ஸ்டூடியோ அங்கு வந்து சேர்ந்தது. 2015ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் தலைக்கு மேலே மெட்ரோ இரயில் ஓடுகின்றது. பழைய கிராமத்தின் பெயர் இப்போது ரெவினியூ கணக்கில்தான் பெரும்பாலும் வழங்குகின்றது.

இதற்குக் கிழக்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாக நீண்டு கிடந்தது மாம்பலம் ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’, அதாவது நெடிய ஏரி, என்றே அழைத்தனர். 1923ஆம் வருஷம் முதல் அதன் ஜலத்தை வடித்து, தரையை மனைகளாகப் பிரித்து, தியாகராயநகர் உண்டாக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரியில் எஞ்சியிருந்த பாகமும் பின்னர் தூர்ந்து மறைந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரித் தரையின்மேல்தான். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற தெருவும், நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்டு ரோடு’ என்ற தெருவும் இன்றும் உண்டு. ஏரியைக் காணோம், கரையின் பெயர் மட்டும் தபால் விலாசத்தில் இருந்து வருகின்றது.

அந்த ஏரியில் எத்தனை அடி வண்டல் படிந்திருந்தது, ஐப்பசி மழையில் எத்தனை நாளில் நிறைந்தது, அதன் ஊற்றால் எத்தனை கிணறுகள் கோடையிலும் வற்றாதிருந்தன, எந்தெந்த மீனும் பறவையும் அங்கே வாழ்ந்தன என்று இன்றைக்கு ஒரு மாணவர் தேடப் புகுந்தால், அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய நிலஅளவைப் படங்களும் இத்தெருப்பெயர்களுமேயாம். 2015ஆம் வருஷம் டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரையில் ஜலம் அடையாற்றில் திறந்துவிடப்பட்டு, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை முதலிய இடங்கள் மூழ்கின. பழைய ஏரிகள் இருந்திருந்தால் எவ்வளவு நீரைத் தாங்கியிருக்கும் என்ற கேள்வி அப்போது பல வாய்களில் எழுந்தது. அளந்து வைக்காத ஏரியைப் பற்றி அனுமானம் செய்யலாமேயன்றி, நிச்சயமாய் ஒன்றும் சொல்வதற்கில்லை.

செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் முதலிய ஜில்லாக்களில் ஏரிப்பாசனத்தை நம்பியிருக்கும் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதைக் கவனிக்கவேண்டிய காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. நகரம் வளர வளர, மாம்பலத்திற்கு நேர்ந்தது அடுத்தடுத்த ஊர்களுக்கும் நேர்கின்றது. ஒவ்வோர் ஏரியையும் அளப்பதற்குச் சர்க்காரிடம் போதிய ஆட்கள் இல்லை. ஆனால் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சூழலியல், சுற்றுச்சூழல் விஞ்ஞானம், தாவரவியல், விலங்கியல், வேளாண்மை ஆகியவற்றைப் படித்து, பட்டத்திற்காக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியாகவேண்டிய நிலையில் வருஷந்தோறும் ஏராளமான வாலிபர்களும் பெண்களும் இருக்கின்றனர். அவர்களிற் பலர், எதைப் பற்றி எழுதுவதென்று தெரியாமல் ஆசிரியரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஏரி ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலுமாக இருப்பதே இங்குள்ள குறை.

மாணவர் எழுதும் கட்டுரையால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையிலேயே நடந்த இரண்டு காரியங்களை அவர்கள் கவனிக்கலாம். கேசவ பணிக்கர் என்னும் மலையாள தேசத்து வாலிபர் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆராய்ச்சிசாலையில் ஆர். கோபால ஐயரிடம் பயின்றுவந்த காலத்தில், இருவருமாகச் சேர்ந்து சென்னையைச் சுற்றிய உப்பங்கழிகளில் வாழும் பிராணிகளை ஆராய்ந்து 1937ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். அன்று அந்த ஜாபிதாவைப் படித்தவர்கள் நூற்றுக்கணக்கில்கூட இருந்திருக்கமாட்டார்கள். இன்றோ, அடையாற்றுக் கழிமுகத்தில் முன்பு இருந்தது என்ன, அழிந்தது என்ன என்று கேட்பவர்கள் அனைவரும் அந்த ஜாபிதாவிலிருந்தே தொடங்கவேண்டியதாயிருக்கின்றது. அவ்வாலிபரே பிற்காலத்தில் தேசீய சமுத்திர ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

மற்றொன்று எஸ். வி. கணபதி என்பவருடைய வேலை. 1940ஆம் வருஷத்தில் அவர் பம்பாய் இயற்கைச் சரித்திரச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கோயில் குளத்தின் சூழலியலைப் பற்றி எழுதினார். அக்குளத்து நீரில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நுண்ணிய பாசி, பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்டாற்போல் எக்காலமும் மண்டிக்கிடந்தது. அடுத்த வருஷம் சென்னை நகரத்துக் குட்டையொன்றின் ஜலத்தைப் பருவந்தோறும் சோதித்துச் சென்னைப் பல்கலைக்கழகப் பத்திரிகையில் வெளியிட்டார். கோயில் குளத்துப் பாசியால் குடியானவருக்கு என்ன என்று கேட்கலாம். சாக்கடை நீரோ அளவுக்கு மிஞ்சிய எருவோ வந்து சேரும் குட்டைகளில் இதே பாசி ஏடுபோல் படியும். இதன் இனங்களிற் சில ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்கும். 1878இலேயே ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் பிரான்ஸிஸ் என்பவர், ஏரியில் படர்ந்த இதைப் போன்றதொரு பாசியைக் குடித்த கால்நடைகள் மடிந்ததை எழுதி வெளியிட்டிருக்கின்றார். ஆகையால் குட்டையில் பச்சை வர்ணம் பூசினாற்போல் ஏடு கட்டியிருந்தால் மாடு கன்றுகளை அதில் நீர் காட்டாதிருப்பது நலம். இந்த எச்சரிக்கை இன்று சாதாரணமாய்ச் சொல்லப்படுவதற்கு, எங்கோ யாரோ ஒரு குட்டையின் கரையில் உட்கார்ந்து மாதந்தவறாமல் புட்டியில் ஜலம் எடுத்ததே காரணம்.

வெளிதேசத்தில் இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மினஸோட்டா நாட்டில் ரெட்வுட் பால்ஸ் என்ற ஊரிற் பிறந்த ரேமண்ட் லிண்டிமன் என்னும் மாணவர், தம்முடைய டாக்டர் பட்டத்திற்காகச் சீடர் பாக் என்னும் ஆழமற்ற சிறிய ஏரியொன்றை எடுத்துக்கொண்டார். தூர்ந்து சேறாகி மறைந்துகொண்டிருந்த ஏரி அது. வருஷக்கணக்காகத் தம் மனைவியின் உதவியுடன் அதில் பாசி, புழு, பூச்சி, மீன் அனைத்தையும் எடுத்து எண்ணி நிறுத்தார். சூரிய ஒளியைப் பாசி எவ்வளவு கொள்கின்றது, பாசியைத் தின்னும் பூச்சிக்கு அதில் எவ்வளவு போய்ச் சேருகின்றது, பூச்சியைத் தின்னும் மீனுக்கு எவ்வளவு என்று, கடை வரவுசெலவு எழுதுவதுபோல் கணக்கெழுதினார். அவர் எழுதிய வியாசத்தை முதலில் பார்வையிட்ட பெரியவர்கள் இது அனுமானம் மிகுந்தது என்று தள்ளினர். பிறகு 1942இல் அது வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. அதே வருஷம் ஜூன் மாதத்தில் 26 வயதில் காலமாகிவிட்டார். இன்று உலகெங்கும் சூழலியல் படிக்கும் மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று அந்தச் சேற்று ஏரியின் கணக்கு. நம் ஜில்லாக்களில் அதையொத்த ஏரி இல்லாத பிர்க்கா அபூர்வம்.

மாணவர் செய்யும் வேலையின் தன்மையைக் குடியானவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். எம்.எஸ்ஸி. வகுப்பு இரண்டு வருஷம். அதன் கடைசிப் பருவத்தில் நாலைந்து மாதம் மட்டுமே ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படுகின்றது. டாக்டர் பட்டத்திற்கு மூன்று வருஷமோ அதற்கு மேலோ ஆகும். இதில் ஒரு பெரிய கோளாறு இருக்கின்றது. பலர் இதைக் கவனிப்பதில்லை. எம்.எஸ்ஸி. மாணவருக்குக் கிடைக்கும் கடைசிப் பருவம் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரையிலுள்ள காலம். வடகிழக்குப் பருவமழையோ ஐப்பசி கார்த்திகையில் பெய்து முடிந்துவிடுகின்றது. ஆகவே மாணவர் வரும்போது ஏரி நிறைந்த நிலையிலிருந்து வற்றத் தொடங்குகின்றது. நிறைவதை அவர் பார்ப்பதே இல்லை. வற்றுவதை மட்டும் பார்த்தவர் எழுதும் கட்டுரை பாதிக் கணக்கே. ஒரே ஏரியை அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு மூன்று மாணவர்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் இக்குறை தீரும். மழைக்கால அளவுகளை ஊரார் எழுதிவைத்து மாணவரிடம் கொடுப்பதும் ஒரு வழி. இவ்விரண்டும் ஊரார் முயற்சியின்றி நடவா.

சென்னையில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இதுவரை பெரும்பாலும் சில இடங்களையே நாடி வந்திருக்கின்றனர். கிண்டியில் 1978இல் தேசீயப் பூங்காவாக்கப்பட்ட காட்டில் புள்ளிமானும் வெளிமானும் உண்டு. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் வேலை செய்துவருகின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முன்பு சுமார் 5,000 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ளதாக இருந்து, குப்பைமேடும் கட்டடங்களும் நெருங்கிச் சுருங்கியது. 2007இல் அதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாயிற்று, 2022இல் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது. இந்தச் சதுப்பு நிலத்திற்காக நெடுங்காலம் பாடுபட்ட, கேர் எர்த் அறக்கட்டளையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025ஆம் வருஷத்தில் ராம்சர் விருது கிடைத்தது. அங்கே எத்தனை பறவை, எத்தனை மீன், எத்தனை செடி என்று முதலில் எண்ணி எழுதிவைத்ததே பிற்பாடு எல்லா வாதங்களுக்கும் ஆதாரமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. 2025ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் ராம்சர் பட்டியலைச் சேர்ந்த இடங்கள் 20 ஆயின.

இந்த இருபதில் குடியானவர்களுக்கு மிக நெருங்கியது வேடந்தாங்கல். அங்குள்ள ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியவை கார்த்திகை மார்கழியில் வந்து, நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவ்வூரார் இப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது வேடிக்கைக்காக அன்று. பறவைகளின் எச்சம் விழுந்து எருவூட்டிய ஜலம் வயலுக்குப் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். துப்பாக்கியுடன் வந்த சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து தங்கள் உரிமைக்கு எழுத்து மூலமான கௌல் பெற்றனர். 1936இல் சர்க்கார் அவ்விடத்தைச் சரணாலயமாக அங்கீகரித்தது. இன்றுள்ள வனவிலங்குச் சட்டங்களுக்கு மிகவும் முந்தியது அந்தக் கௌல்.

ஊரார் அநுபவத்தில் கண்டதை ஒரு மாணவர் அளந்து சொல்ல முடியும். மதகில் வெளியேறும் ஜலத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் லிட்டருக்கு எவ்வளவு, பறவை வருவதற்கு முன் எவ்வளவு, வந்தபின் எவ்வளவு, முதல் மடையிலுள்ள நிலத்திற்கும் கடைமடை நிலத்திற்கும் வித்தியாசம் எவ்வளவு என்பன நேரான கேள்விகள். பறவை தங்கும் வேறு ஏரிகளிலும் இவற்றைக் கேட்கலாம். விடை கிடைத்தால், ஏக்ராவுக்கு எத்தனை கிலோ யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது தெரியவரும். பறவையைக் காக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்லும் உபதேசத்தைவிட இந்த ஒரு கணக்கு ஊரில் அதிகம் செல்லுபடியாகும்.

ஏரி வண்டல் இதைவிட அவசரமான விஷயம். 2024ஆம் வருஷத்தில், தாசில்தார் அனுமதியுடன் ஏரி குளங்களிலிருந்து விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளும் முறை எளிதாக்கப்பட்டது. எடுக்கும்முன் தெரிந்துகொள்ளவேண்டியவை சில உண்டு. நூறு ஏக்ரா நீர்ப்பரப்புள்ள ஏரியில் ஓரடி வண்டல் படிந்திருந்தால், நூறு ஏக்ரா-அடி ஜலத்திற்கு இடம் போயிற்று. ஒரு நெற்பயிர் விளைய ஏறக்குறைய நாலடி ஜலம் வேண்டும் என்று கொண்டால், இருபத்தைந்து ஏக்ராவின் ஒரு போகம் அந்தச் சேற்றுக்குள் புதைந்திருக்கின்றது. வண்டலை வயலில் ஓரங்குல கனத்திற்குப் பரப்ப ஏக்ராவுக்கு 3,630 கனஅடி, அதாவது முப்பத்தாறு யூனிட்டுக்குச் சற்று மேலாக வேண்டியிருக்கும். வண்டிக்கூலி கொடுத்து இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு போவது தகுமா என்பது, அந்த வண்டலில் களியும் கரிமச்சத்தும் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒரே ஏரியில் நீர்வரத்துக் கால்வாய் சேருமிடத்தில் மணலும், கரையோரத்தில் களியும் இருக்கக்கூடும். நகரத்துச் சாக்கடையோ தொழிற்சாலைக் கழிவோ கலக்கும் ஏரியானால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேற்றில் தங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டலை நெல்வயலிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டுவது தன் வீட்டுச் சோற்றில் தானே நஞ்சு கலப்பதற்குச் சமானம்.

இவற்றை அறிய ஒரு மாணவர் செய்யவேண்டியது கடினமான வேலையன்று. ஏரி வற்றியிருக்கும் மாதங்களில் தரையை ஐம்பது ஐம்பது மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் இரும்புக் கம்பியை ஊன்றி வண்டல் எத்தனை அடி என்று பார்த்து, மண் எடுத்து ஆராய்ச்சிசாலையில் சோதித்து, படம் வரைந்தால் போதும். தை முதல் சித்திரை வரையிலுள்ள காலம் இதற்குப் பொருத்தமானதே. மேலே சொன்ன கோளாறு இந்த ஒரு விஷயத்தில் அநுகூலமாய் முடிகின்றது. எந்த இடத்தில் எடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதும் அந்தப் படத்திலிருந்து விளங்கும். கரையின் அடியை ஒட்டித் தோண்டுவதும், அடிக்களியைத் தாண்டி மணல் வரை தோண்டுவதும் கூடா. மதகின் வாயிற்படிக்குக் கீழே எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அந்த ஜலம் வயலுக்கு ஏறி வராது என்பதையும், அது கிணற்று ஊற்றுக்கே உதவும் என்பதையும் ஆயக்கட்டுதார்கள் நினைவில் வைக்கவேண்டும்.

கிணற்றைப் பற்றியும் செய்யத்தக்கது உண்டு. ஏரிக்கு உள்ளும் புறமும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலைப் பற்றி ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் அபிப்பிராயம். 2017இல் உயர்நீதிமன்றம் வரையில் விவகாரம் சென்றது. முள்ளை வெட்டியபின் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஏறுகின்றதா என்பதை, வெட்டுவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே பத்துக் கிணறுகளில் வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளந்தால்தான் சொல்லமுடியும். வெட்டியபின் வந்து அளக்கத் தொடங்கும் மாணவருக்கு ஒப்பிட ஒன்றுமில்லை.

எலித் தொல்லையுள்ள நெற்பிரதேசங்களில் கூகையைப் பற்றிய ஆராய்ச்சி பயன்தரும். கூகை தான் தின்ற எலியின் எலும்பையும் மயிரையும் ஓர் உருண்டையாகக் கக்கிவிடும். பாழடைந்த கட்டடத்திலோ கோயில் கோபுரத்திலோ அது தங்குமிடத்தின் கீழ் இவ்வுருண்டைகளைப் பொறுக்கி, நீரில் ஊறவைத்துப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால், அது ஒரு மாதத்தில் எத்தனை எலி பிடித்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வயலில் தங்குகம்பம் நட்டால் கூகை வருகின்றதா என்பதையும் சோதிக்கலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியதில்லை. மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு துணி போதும். மாயவரத்தை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியலுக்கென்றே வகுப்பு நடந்துவருவது டெல்டாப் பிரதேசத்துக் குடியானவர்களுக்குச் சௌகரியம். பூச்சிமருந்து தெளித்த வயலுக்கும் தெளிக்காத வயலுக்கும் தவளை, சிலந்தி, தட்டான் எண்ணிக்கையில் உள்ள பேதமும் இவ்வாறே எண்ணத்தக்கது.

வேளாண்மை படிப்பவர்களைப் பொறுத்தவரையில் ஒரு செய்தி. வடபழனியிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்திலுள்ள சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய விவசாயப் பள்ளியே 1906இல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகக் கிராமங்களில் தங்கி அநுபவம் பெறுகின்றனர். அவ்வாறு தங்க வருபவர்களுக்கு ஏரியையும் காட்டி அனுப்புவது எளிது.

இனி, ஊரில் எழும் தடைகள். படமும் அளவுநாடாவும் கையில் வைத்துக்கொண்டு புது மனிதர் ஒருவர் ஏரிக்கரையில் நடமாடினால், நிலத்தை எடுக்க வந்துவிட்டார்கள் என்ற பேச்சு மாலைக்குள் ஊர் முழுவதும் பரவும். நகரத்தை ஒட்டிய கிராமங்களில் இந்தப் பயம் நியாயமானதே. அவர்கள் கண்முன்னே அப்படி நடந்திருக்கின்றது. ஏரிப்புறம்போக்கில் கொஞ்சம் உழுதுகொண்டிருப்பவருக்குப் பயம் இன்னும் அதிகம். கிராம உத்தியோகஸ்தருக்கு வேறொரு தயக்கம்: கணக்கைக் காட்டினால் நாளைக்கு எந்தக் கோர்ட்டில் அது சாட்சியாக வந்து நிற்குமோ என்பது. இவற்றை மறைத்துப் பயனில்லை. மாணவர் வந்த முதல் நாளே, அவருடைய கல்லூரியின் கடிதத்தைப் பஞ்சாயத்தில் படித்து, அவர் எதை அளக்கப்போகிறார், எதை அளக்கமாட்டார் என்பதை ஊரார் முன்னிலையில் சொல்லிவிட்டால் பாதிக் கலகம் அடங்கும்.

அனுமதி விஷயத்தில் பலர் குழம்புகின்றனர். பட்டா நிலத்தில் வேலை செய்ய உடையவர் சம்மதம் போதுமானது. நூறு ஏக்ராவுக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரி பொதுவாக நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குட்பட்டது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. கடிதம் அந்தந்த இடத்திற்குப் போகவேண்டும். சரணாலயத்தினுள் ஆராய்ச்சி செய்வதற்கு 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். இது வர மாதங்கள் செல்வதுண்டு, ஆகையால் நாலு மாத ஆராய்ச்சிக்காரர்கள் சரணாலயத்தை விட்டுச் சாதாரண ஊர் ஏரியை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாணவருக்கு எந்த ஆராய்ச்சிசாலையிலும் கிடைக்காதவை கிராம உத்தியோகஸ்தரின் அலமாரியில் இருக்கின்றன. அ-பதிவேடு, அடங்கல், புலப்படம் ஆகியவற்றைக்கொண்டு எந்த வருஷம் எந்த நிலத்தில் என்ன பயிர், எந்த வருஷம் தரிசு என்பதைப் பல பசலிகளுக்கு வரிசையாக எழுதிவிடலாம். 1980இல் கர்ணம் உத்தியோகம் எடுபட்டபோது சில ஊர்களில் பழைய கணக்குகள் சிதறிப்போயின. இருக்கும் ஊர்களிலாவது அவை கரையானுக்கு இரையாகாமல் ஒரு மாணவர் படமெடுத்து வைப்பது நன்று. 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்கவேண்டும். பல ஊர்களில் அது பெயருக்கு நிரப்பப்பட்ட காகிதமாக இருக்கின்றது. மீனும் மரமும் பறவையும் பெயரோடு எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் ஆறு மாதம் ஊரில் இருப்பாரானால், அந்தப் பதிவேடும் ஒழுங்காகும்.

ஊராருக்கும் ஒரு குறை உண்டு, அது நியாயமானது. வந்தார்கள், கேட்டார்கள், மோர் வாங்கிக் குடித்தார்கள், போனார்கள். என்ன எழுதினார்கள் என்று எவருக்கும் தெரியாது. டாக்டர் பட்டத்திற்கு எழுதப்படுபவை 2009ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழு விதிக்குப் பின் ‘ஷோத்கங்கா’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இங்கிலீஷில் இருப்பதால் குடியானவருக்கு எட்டா. எம்.எஸ்ஸி. கட்டுரைகள் பெரும்பாலும் கல்லூரி அலமாரியோடு நின்றுவிடுகின்றன. ஆகவே அனுமதிக் கடிதத்திலேயே ஒரு நிபந்தனையை எழுதிவிடுவது உசிதம்: வேலை முடிந்ததும் கண்டதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, படத்துடன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பிரதியும், ஆயக்கட்டுதார் சங்கத்தில் ஒரு பிரதியும் கொடுக்கவேண்டும். வண்டல் சோதனையின் எண்களும் கிணற்று அளவுகளும் அதில் அப்படியே இருக்கவேண்டும். இதற்கு இசையாத மாணவரை அனுப்பிவிடலாம். இசைபவர்கள்தான் அதிகம், தமிழில் எழுதும்படி இதுவரை எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

கல்லூரித் துறைகளில் கடைசிப் பருவத்து ஆராய்ச்சித் தலைப்புகள் பெரும்பாலும் மழைக்காலத்தில் முடிவாகிவிடுகின்றன. புரட்டாசி முடிவதற்குள் பஞ்சாயத்திலிருந்து அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல், தாவரவியல் அல்லது சுற்றுச்சூழல் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினால் காலம் தப்பாது. கடிதத்தில் ஏரியின் பெயர், நீர்ப்பரப்பு, ஆயக்கட்டு, கடைசியாக நிறைந்த வருஷம், தங்குவதற்கு இடம் உண்டா என்பவை இருந்தால் போதும். அதே மாதத்தில் மதகருகே உள்ள அளவுகல்லைத் தேய்த்துக் கழுவி, எண்கள் தூரத்திலிருந்து தெரியும்படி வர்ணம் பூசிவைக்கவேண்டும். நீர்க்கட்டி அல்லது அதற்கென நியமித்த ஒருவர் ஐப்பசி முதல் தேதியிலிருந்து தினம் காலையில் அந்த எண்ணையும் மழையளவையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவரட்டும். தை மாதத்தில் மாணவர் வந்து இறங்கும்போது முதலில் கேட்கப்போவது அந்த நோட்டுப் புஸ்தகத்தைத்தான்.